ஒளி மாறினும் முகம் மாறாது

சிறுவர்க்கென எடுக்கப்படும் சித்திரப் படங்களை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர் நம்மில் பலர். ஆனால் அப்படங்களை உருவாக்கும் ஓவியர்களுக்கு நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு சிக்கலை அறிந்தால், அதில் நம் குடும்ப வாழ்வுக்கும் ஒரு பாடம் உண்டென்பது விளங்கும்.

சிக்கல் இதுதான். கதையில் வரும் சிறுமிக்குச் சிவப்பு மேலாடை, பழுப்புக் கூந்தல் என்று ஓவியர் வண்ணம் குறித்துவிடுகிறார். நண்பகலில் அவள் தோட்டத்தில் விளையாடுகையில் அவை பொருந்துகின்றன. அதே சிறுமி நள்ளிரவில், நிலவொளியில் நடக்க நேர்ந்தால்? பகல் வண்ணத்தையே பூசினால், இருண்ட காட்சியின்மேல் வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மைபோல் தனித்து நிற்பாள். மனம்போல் மாற்றினாலோ, பார்க்கும் குழந்தை "இவள் யார்?" என்று கேட்கும். ஆக, வண்ணம் மாறவும் வேண்டும். அவள் மாறாதிருக்கவும் வேண்டும்.

வண்ணக் கூடத்தில்

வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்னும் முழுநீளச் சித்திரப் படத்தை 1937-ஆம் ஆண்டு திரையிட்ட காலத்தில், எல்லாம் கைவேலையே. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஓவியர் காகிதத்தில் வரைந்ததைப் பெண்கள் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளில் மையால் படியெடுத்து, பின்புறத்தில் வண்ணம் பூசுவர். இத்தகைய தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் பிடிப்பர். அத்தாளுக்கும் மெல்லிய நிறம் உண்டு. ஆகவே அடியிலுள்ள தாளின் வண்ணம் சற்றே மங்கித் தெரியும். இக்குறையை ஈடுசெய்ய, அடித்தாளுக்குக் கூடுதல் வெளிச்சமான வண்ணத்தைக் கலந்து பூசினர். ஒரே நிறமாகத் தோன்றுவதற்கே வெவ்வேறு வண்ணங்கள் தேவைப்பட்டன என்பது வியப்பன்றோ!

இரவு, மழை, நெருப்பொளி ஆகியவற்றுக்கும் தனித்தனி வண்ணப் பட்டியல் உண்டு. நிலவொளியில் வெண்மை நீலச் சாயல் பெறும். சிவப்பு கருகித் தோன்றும். விளக்கொளியில் முகம் பொன்னிறமாகும். ஆயினும் ஒன்றை ஓவியர் கவனமாகக் காக்கிறார். பகலில் முகத்தைவிட ஆடை இருண்டது, ஆடையைவிடக் கூந்தல் இருண்டது என்றால், இரவிலும் அவ்வரிசை குலையாதபடி பார்த்துக்கொள்கிறார். அதனால்தான் குழந்தை அவளை அடையாளம் கண்டுகொள்கிறது. இன்று தூரிகையின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துவிட்டது. ஆனால் இந்த முறை மாறவில்லை.

துயரத்தின் நிறம்

ஒளி மட்டுமன்று, உள்ளத்தின் நிலையும் வண்ணத்தை மாற்றுகிறது. 1942-இல் வெளிவந்த 'பேம்பி' என்னும் படம் ஒரு மான்குட்டியின் கதை. அதன் காட்டுக்கு உருக்கொடுத்தவர் டைரஸ் வோங் என்னும் ஓவியர். இவர் சிறுவனாயிருந்தபோது, 1920-இல், தாயைச் சீனாவிலேயே விட்டுத் தந்தையுடன் அமெரிக்கா சென்றவர். அன்னையை மீண்டும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தாயை இழந்த மான்குட்டியின் கதைக்கு அவர் கை துணை நின்றது. ஒவ்வோர் இலையையும் வரையாமல், பனியையும் ஒளியையும் கொண்டே அவர் காட்டின் உணர்வைத் தீட்டினார். வசந்தத்தில் பழுப்பு நிறமாய்த் துள்ளிய அந்த மான், வளர்ந்தபின் எதிரியுடன் மோதும் காட்சியில், விளிம்பில் மட்டும் ஒளி படர்ந்த கரிய உருவாகிவிடுகிறது. ஆயினும் அதை வேறொரு மான் என்று எவரும் எண்ணுவதில்லை.

பிக்ஸார் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'அப்' படத்தில், கார்ல் என்பவரும் அவர் மனைவி எல்லியும் இணைந்து வாழும் நாட்களில் திரை முழுவதும் இதமான வண்ணங்கள். அவள் மறைந்தபின் எல்லாம் சாம்பல் நிறம் கொள்கின்றன. பிறகு பலூன்கள் வீட்டைத் தூக்கிச் செல்லும்போது வண்ணங்கள் திரும்புகின்றன. இம்மாற்றங்களைத் திட்டமிடுவதற்காக, கதை முழுவதையும் சிற்றோவியங்களின் வரிசையாக முன்கூட்டியே தீட்டி வைப்பர். 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்திற்கு அத்தகைய வரிசையைத் தீட்டியவர் ரால்ஃப் எகில்ஸ்டன். சாம்பல் நிறம் கார்லின் சொந்த நிறமன்று; அவர்மேல் விழுந்த துயரத்தின் நிறம்.

நம் இல்லங்களில்

பெற்றோரே, இதை நாம் வீட்டில் எத்தனை முறை மறந்துவிடுகிறோம்! தேர்வில் தவறிய மகன் மூன்று நாள் வாய்திறவாதிருந்தால், "இவன் என் பிள்ளையே அல்லன்" என்கிறோம். வேலையிழந்த கணவர் கடுமொழி பேசினால், "இவரது உண்மைக் குணம் இன்றுதான் தெரிந்தது" என்கிறோம். நோயில் வாடும் முதிய மாமியாரின் சினத்தைக் கண்டு, அவர் முப்பது ஆண்டுகள் காட்டிய அன்பையெல்லாம் பொய்யென்று தீர்ப்பிடுகிறோம். ஒரு வேளையின் நிழலையே ஆளின் நிறமாகக் கொள்வது பெரும் அநீதி.

இதனால் தீமைக்குச் சாக்குச் சொல்லலாம் என்பதன்று. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் தண்டிக்கவும் திருத்தவும்படவேண்டும். அடிபட்டவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஓவியரும் இரவை இரவாகவே தீட்டுகிறார், பகலென்று ஏமாற்றுவதில்லை. ஆனால் இரவில் நிற்பவள் யாரென்பதை அவர் மறப்பதில்லை.

மலைமீது ஆண்டவர் உருமாறியபோது, அவரது முகம் கதிரவனைப்போல் ஒளிர்வதை இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரும் கண்டனர். கெத்சமனியின் இருளில் அவர் கலங்கித் துயருற்றபோது அருகிருக்க அழைக்கப்பட்டவர்களும் அதே மூவர்தாம். ஒளியில் கண்ட அந்த முகத்தை இருளில் மறவாதிருப்பதற்கே அவர்கள் அழைக்கப்பட்டனர். அன்று அவர்கள் தூங்கிவிட்டனர். இராயப்பரோ அன்றிரவே, "அவரை அறியேன்" என்று மறுதலித்தார்.

அடுத்தமுறை பிள்ளைகளோடு சித்திரப் படம் பார்க்க அமர்ந்தால், இரவுக் காட்சியில் அச்சிறுமியின் ஆடை என்ன நிறமாயிற்று என்று கேளுங்கள். "அவள் மாறிவிட்டாளா?" என்றும் கேளுங்கள். அன்றிரவு குடும்ப செபமாலையில், நம் வீட்டில் இப்போது இருளில் நிற்பவர் யாரென நினைத்து, அவர் பெயரைச் சொல்லி ஒரு காரணிக்கம் ஒப்புக்கொடுங்கள்.