வாலால் வளை தோண்டும் விலாங்கு

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பது நம் பழமொழி. இருபுறமும் நல்லவராய் நடிப்போரைச் சுட்ட இதனை ஆளுகிறோம். ஆனால், வாலைக் கொண்டே வீடு கட்டிக் கொள்ளும் விலாங்கும் ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்குக் கடல் தொலைவிலுள்ளது போலத் தோன்றும். எனினும், சித்தூர் மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் வழியே ஓடிப் பழவேற்காட்டு ஏரியிலேதான் கலக்கிறது. 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சூளூர்ப்பேட்டையும் அவ்வேரியின் பெரும்பகுதியும் அடங்கியுள்ளன. நன்னீரும் கடல்நீரும் கூடும் இத்தகைய உப்பங்கழிகளும் கழிமுகங்களுமே இவ்விலாங்கிற்கு உகந்த இடங்கள். மழைக்காலத்தில் ஆற்றிலேறி நெல்வயல் வரையிலும் இது செல்வதுண்டு. கங்கை மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் இதனை விவரித்தார். அறிவியலார் இதனைப் பிசோடோனோபிஸ் போரோ என்பர்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வளரும் இம்மீனுக்குச் செதிள் இல்லை. வாலில் துடுப்பும் இல்லை. வால் நுனி கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும். அந்நுனியைச் சேற்றில் ஊன்றி, உடலை நெளித்து, பின்னோக்கியே மண்ணுள் இறங்கிவிடும். தலையால் துளைக்கவும் இதற்குத் தெரியும். வால் நுனியின் எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து கெட்டிப்பட்டிருப்பதே இத்திறனுக்குக் காரணம் என, 2007-இல் வெளியான பெல்ஜிய ஆராய்ச்சியாளரின் ஆய்வு விளக்கிற்று. வளைக்குள் உடலை மறைத்து, தலையை மட்டும் நீட்டி, அருகில் வரும் சிறு மீனையும் இறாலையும் பற்றி உண்ணும்.

இதனைப் பாம்பென்று அஞ்சி அடித்துக் கொல்வோர் உளர். கடற்பாம்பின் வால் துடுப்பைப் போல் தட்டையானது. இதன் வாலோ கூர்மையானது. தலைக்குப் பின்னே செவுள் துளைகளும் சிறு துடுப்புகளும் உண்டு. இதற்கு நஞ்சும் இல்லை. எனினும் ஐயம் எழுந்தால் தொடாமல் விலகுவதே அறிவுடைமை.

இதன் வாழ்வுக்குச் சேறு மட்டும் போதாது. விலாங்கினங்களின் குஞ்சுகள் முதலில் கண்ணாடி போன்ற மெல்லிய இலை வடிவில் நீரில் மிதந்து திரிவன. பிறகே விலாங்கின் உருவைப் பெறுவன. கடலுக்கும் கழிக்கும் இடையே வழி திறந்திருந்தால்தான் அவை உள்ளே வந்து சேர இயலும். பழவேற்காட்டு முகத்துவாரமோ வறட்சிக் காலத்தில் மணலால் தூர்ந்துபோவதுண்டு. அவ்வழி அடைபட்டால் விலாங்கு மட்டுமன்று, இறாலும் பிற மீன்களும் குறையும். அவற்றை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களும் தவிக்கும்.

ஆகவே நேயர்களே, ஆரணியாற்றைக் கடக்கும்போது இதனை நினைவிற் கொள்வோம். அந்நீர் சென்று சேரும் சேற்றிலே, வாலால் கட்டிய வீட்டில் ஓர் உயிர், கடல்வழி திறந்திருக்கும் என்னும் நம்பிக்கையில் வாழ்கிறது.