பழைய டிராக்டர் என்ஜின் கொதிக்கிறதா? ஹெட்டைக் கழற்றுமுன் தண்ணீரைப் பாருங்கள்

சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சித்திரை வெயிலில் சேற்றுழவு ஓட்டும்போதுதான் பழைய டிராக்டரின் குணம் வெளிப்படும். காலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு மேல் வெப்ப மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும். ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறும். போர் தண்ணீர் வயலில் நிறைந்து நிற்க, வண்டி வரப்போரம் ஆறிக்கொண்டிருக்கும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கைமாறி வந்த பழைய டிராக்டரை நம்பி விவசாயம் செய்வோர் உண்டு. சிம்ப்சன் மூன்று சிலிண்டர் என்ஜின் பூட்டிய மாசி பெர்குசன் 1035, மகிந்திரா பி-275 போன்றவை உழைப்புக்கு அஞ்சாத வண்டிகள். ஆனால் ஒரு தடவை நன்றாகக் கொதித்து ஹெட் வளைந்துவிட்டால், அல்லது பிஸ்டன் பிடித்துக்கொண்டால், ஒரு போக நெல்லின் லாபம் பட்டறைக்குப் போய்விடும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரையோ பழைய ஜீப்பையோ இன்னும் ஓட்டுபவர்களுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

கொதித்த வண்டியைப் பார்த்ததும் “ஹெட் கேஸ்கட் போயிருக்கும்” என்று சொல்வது பல பட்டறைகளில் வழக்கம். சில வேளைகளில் அது உண்மையே. ஆனால் செலவில்லாமல் பார்க்கக்கூடியவற்றைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரவேண்டும். முதலில் எப்போது சூடாகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்த ஐந்து, பத்து நிமிடத்திலேயே கொதித்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று பொருள்: பேன் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இவற்றில் ஒன்று. ரோட்டில் டிரெய்லர் இழுக்கும்போது சரியாக இருந்து, வயலில் மெதுவாக ஓட்டும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை. சும்மா நின்றால் நன்றாக இருந்து, ரோட்டவேட்டர் போட்டதும் மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது வண்டியின் சக்திக்கு மீறிய வேலை கொடுக்கிறீர்கள்.

காற்றும் பெல்ட்டும்

ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். வைக்கோல் தூள், பதர், கேஜ் வீல் வாரியடித்த சேறு, அதன்மேல் ஆயில் கசிவு எல்லாம் சேர்ந்து தகடுகளுக்கு இடையே சாந்து பூசியதுபோல் இறுகியிருக்கும். 2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த பெஞ்சல் புயலின் வெள்ளத்தில் நின்ற வண்டியானால், வண்டல் இன்னும் உள்ளே காய்ந்து கிடக்கலாம். விசிறி காற்றை முன்னிருந்து உள்ளே இழுப்பதால், தண்ணீரையோ காற்றையோ என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்ச்ச வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். வேகமான பம்பு நீர் தகடுகளை மடக்கிவிடும். சாதாரணக் குழாய் வேகம் போதும்.

பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். கீழ் ஹோஸ் பைப்பையும் மறக்க வேண்டாம். நிற்கும்போது நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ், என்ஜின் வேகமெடுத்ததும் உறிஞ்சும் இழுப்பில் தட்டையாகிவிடும்.

மூடி தொலைந்துபோய்த் துணியைச் சுற்றி அடைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. மூடி வெறும் அடைப்பு அல்ல. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 111 டிகிரி சென்டிகிரேட் வரை தாங்கும். ரப்பர் வளையம் போன மூடிக்கு இந்தச் சலுகை இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பக்கத்து வைத்தியம். இது தவறு. சில என்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். போதிய சூடு ஏறாமல் ஓடும் என்ஜினில் லைனரும் சீக்கிரம் தேயும். சந்தேகமிருந்தால் அதை நூலில் கட்டி, அடுப்பில் சுடும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். கொதிநிலைக்குள் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

சுண்ணாம்பு ஏறிய தண்ணீர்

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடாகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் நாம் கையால் ஊற்றிய தண்ணீரே. பாகூரின் கடலோரப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். வில்லியனூர் பக்கத்திலும் சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் உண்டு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் என்ஜின் உள்ளேயும் படிகிறது. சுண்ணாம்புப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும். அதாவது ஒரு மில்லிமீட்டர் படிவு, இரண்டு சென்டிமீட்டருக்கும் அதிகமான இரும்புச் சுவரைக் கூடுதலாக எழுப்பியதற்குச் சமம். தண்ணீர் சுற்றும், ஆனால் சிலிண்டரின் சூடு அதில் இறங்காது.

ஒரு தடவை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம்தான். தினமும் ஊற்றுவதில்தான் கேடு. லிட்டருக்கு அரை கிராம் சுண்ணாம்புள்ள தண்ணீரைத் தினம் 2 லிட்டர் வீதம் 100 நாள் ஊற்றினால் 100 கிராம் உள்ளே போகிறது. ஆவியாகப் பறப்பது தண்ணீர் மட்டுமே. சுண்ணாம்பு அங்கேயே தங்கும். ஆகவே “தினம் ஒரு செம்பு ஊற்றினால் ஓடுகிறது, போகட்டும்” என்று விட்டுவிடக் கூடாது. கசிவை முதலில் அடையுங்கள்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று அறிய, வண்டியை ஓட்டி நிறுத்தி, விசிறி நின்ற பிறகு முகப்பில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடான பகுதிக்கு நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. படிவு மெல்லியதானால் லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் அமிலம் கலந்து, என்ஜின் சூடேறும்வரை ஓட்டி, அரை மணி வைத்திருந்து வடித்து, நல்ல தண்ணீரால் மூன்று முறை அலசலாம். கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும். மிகப் பழைய ரேடியேட்டரில் சுண்ணாம்பே சில ஓட்டைகளை அடைத்து நிற்கும். அதற்கு இந்த வைத்தியம் ஆகாது. மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைக்குக் கொடுப்பதே நல்லது.

பிறகு மழைநீரை ஊற்றுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, மாடியில் விழும் நீரை டிரம்மில் வடிகட்டிப் பிடித்தால் வருடத்துக்குப் போதும். ஏரித் தண்ணீர் போர் தண்ணீரைவிடத் தேவலை. ஆனால் வண்டல் தெளிந்திருக்க வேண்டும். போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கும், உப்பு போகாது. வெறும் மழைநீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கூலண்டையும் டப்பாவில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். கூலண்ட் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். வடித்த கூலண்டை மாடு, நாய், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

கேஸ்கட்தானா?

இதற்கும் சோதனை உண்டு. ஆறிய என்ஜினில் பேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். குமிழிகள் நில்லாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீரில் கலக்கிறது. ஆயில் குச்சியில் காப்பி நிறத்தில் பால்போல் ஒட்டியிருந்தாலும், வெளியே கசிவு தெரியாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலும் அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் கேஸ்கட் மட்டும் மாற்றி மூடாமல், ஹெட் வளைந்திருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த போகத்தில் அதே கதை.

வயலில் கொதித்துவிட்டால், தண்ணீர் முழுதும் போகாதபோது உடனே நிறுத்த வேண்டாம். சுமையை எடுத்துவிட்டு ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டால் சூடு தானே இறங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் காலியாகியிருந்தாலோ அந்தக் கணமே அணையுங்கள். மூடியை அரை மணி நேரம் தொடாதீர்கள், முகம் வெந்துபோகும். ஆறியபின் ஈரச் சாக்கைப் போட்டு முதல் கட்டம்வரை திருப்பி, ஆவி அடங்கியதும் திறக்கலாம். சூடான வார்ப்பிரும்பில் வாய்க்கால் தண்ணீரைச் சட்டென்று கொட்டினால் ஹெட் வெடிக்கும். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, செம்பு செம்பாக, நிதானமாக ஊற்றுங்கள்.