என்டர் தட்டிய பிறகு

அக்கா மகள் சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவள் மறுநாள் சாயங்காலம் வரை யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று அக்கா போன் செய்தாள். போனேன். டீ வந்தது. இரண்டு வாய் குடித்த பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான் மாமா. பிரவுசர்ல ஒரு வெப்சைட் பேரை அடிச்சு என்டர் தட்டினா என்ன நடக்கும்னு கேட்டாங்க. பேஜ் ஓப்பன் ஆகும் சார்னேன். அதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னாங்க. லோடு ஆகும்னேன். அதோட அனுப்பிட்டாங்க."

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறாவது படிக்கிறப்பவே கையில போன் இருக்கு. இன்டர்நெட்டுலயே வளர்ந்தவ நான். எனக்கு இது தெரியாதுங்கிறதே எனக்கு நேத்துதான் தெரியுது."

அவள் சொன்னது அவளுக்கு மட்டும் பொருந்துவது இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது வேலை தேடி அலைகிறார்கள். அவர்கள் கைக்கு இணையம் வந்தபோது வேகமாகவும் மலிவாகவும் வந்தது. தொட்டால் திறந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, கிணறு எங்கே இருக்கிறது என்று ஏன் கேட்கப்போகிறது?

நாங்கள் வளர்ந்த காலம் வேறு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அது எங்கள் ஊரான விருத்தாசலத்துக்கு வந்து சேரச் சில வருடங்கள் பிடித்தன. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால் ஒரு படம் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும். கடையில் யாராவது போனை எடுத்தால் லைன் அறுந்துபோகும். மோடம் மறுபடி கத்தத் தொடங்கும். அடிக்கடி அறுந்ததால்தான் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. ஒரு பக்கத்தில் வலது பொத்தானை அழுத்தி, அதன் மூல வரிகளை 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் எடுத்து வந்து, நோட்டில் எழுதிப் படித்திருக்கிறேன். அதனால் எங்களுக்கு மூளை அதிகம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே எட்டிப் பார்க்க எங்களுக்குக் கட்டாயம் இருந்தது, இவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

"சரி, இப்ப அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவோம்" என்றேன். இன்னொரு டீ கேட்டுக்கொண்டேன்.

முதலில் பேர். நமக்குப் பேர்தான் ஞாபகம் இருக்கும். கணினிக்கு எண்தான் வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் நம்மூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னார் பொம்மைப் பட்டறை எங்கே என்று கேட்கிறார். அங்கே நிற்பவருக்குப் பட்டறை தெரியாது. ஆனால் "பாலக்கரைக்குப் போய்க் கேளுங்க" என்று சொல்லத் தெரியும். பாலக்கரையில் இருப்பவர் தெருவைச் சொல்வார். தெருவில் இருப்பவர் வீட்டைக் காட்டுவார். இணையத்தில் பேரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாடும் இப்படியே நடக்கிறது. உச்சியில் இருக்கும் கணினிக்கு '.இன்' என்று முடியும் பேர்களை யார் பார்த்துக்கொள்கிறார் என்பது மட்டும் தெரியும். அவரிடம் போனால், அந்தத் தளத்தின் பேரை யார் வைத்திருக்கிறார் என்று சொல்வார். அவர்தான் எண்ணைத் தருவார். ஒருமுறை விசாரித்துப் போனவர் மறுமுறை விசாரிக்காமல் நேரே போவதுபோல, உன் கணினியும் அந்த எண்ணைக் கொஞ்ச காலம் ஞாபகத்தில் வைத்திருக்கும். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்துக் கொடுத்த முறை இது. அதற்கு முன்னால் எல்லாப் பேரும் ஒரே பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியலை எல்லாரும் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எண் கிடைத்ததும், எதிர்முனையில் இருக்கும் கணினிக்கு நம் கணினி ஒரு விண்ணப்பம் போடுகிறது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்களே, அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். யார் எழுதுகிறார், எந்த ஊர், என்ன வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஒழுங்காக இருக்க வேண்டும். பிரவுசர் எழுதும் விண்ணப்பத்திலும் எந்தத் தளம், எந்தப் பக்கம், எந்த மொழியில் வேண்டும், நான் எந்தப் பிரவுசர் என்று வரிவரியாக இருக்கும். இதைக் கண்ணால் பார்க்கலாம். லேப்டாப்பில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போனால் ஒவ்வொரு விண்ணப்பமும் பதிலும் தெரியும். போனில் அவ்வளவு எளிதாகத் தெரியாது. இத்தனை வருடம் போனிலேயே இருந்தவள் இதைப் பார்க்காததில் வியப்பில்லை.

பதில் எப்படி வருகிறது என்பது அடுத்தது. இதற்கு எதிர்வீட்டுப் பீங்கான் பொம்மைப் பட்டறையையே காட்டினேன். வாசலில் தசாவதார செட் காய்ந்துகொண்டிருந்தது. அந்த 10 பொம்மைகளையும் ஒரே பெட்டியில் வைத்து பெங்களூருக்கு அனுப்ப மாட்டார்கள். வைக்கோல் சுற்றி, தனித்தனிப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் 10-க்கு 1, 10-க்கு 2 என்று எழுதுவார்கள். இரண்டு லாரியில் ஏற்றினால், ஒன்று சேலம் வழியாகப் போகும், இன்னொன்று வேலூர் வழியாகப் போகும். வாமனர் முதலில் வந்து சேரலாம், மச்சம் கடைசியில் வரலாம். கடைக்காரர் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார். 7-ஆம் பெட்டியைத் திறந்தால் ராமர் உடைந்திருக்கிறார். உடனே போன் செய்து "7 மட்டும் திரும்ப அனுப்புங்க" என்கிறார். முழு செட்டையும் கேட்பதில்லை.

"இணையத்தில் பதிலும் இப்படித்தான் எண் போட்ட பெட்டிகளாக வந்து சேரும். இதுதான் டி.சி.பி." என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதைத்தான் மாமா நாங்க அக்னாலெட்ஜ்மென்ட், ரீட்ரான்ஸ்மிஷன்னு மனப்பாடம் பண்ணி எழுதினோம். பதினாறு மார்க்!"

வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் இந்த ஏற்பாட்டை 1974-இல் எழுதி வெளியிட்டார்கள். வழியில் இருக்கும் லாரிக்காரருக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. மேலே எழுதிய முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டால் போதும். எண்ணிப் பார்ப்பதும், உடைந்ததைக் கேட்பதும் இரண்டு முனைகளின் பொறுப்பு. நடுவழி இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இணையத்தால் உலகம் முழுக்கப் பரவ முடிந்தது.

அந்தப் பெட்டிகள் போகும் சாலை எது என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். விருத்தாசலத்துப் பிள்ளைக்கு இதை நன்றாகச் சொல்ல முடியும்.

பட்டறையில் என்ன கலக்கிறார்கள்? நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இந்த ஊர்த் தொழிலுக்கு ஆதாரமாக இருந்து வந்திருக்கிறது. அதோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சேரும். பால்மில்லில் அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் ஒரு தோல் கட்டும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக பொம்மை நிற்கும். இதில் பட்டறைக்காரர்கள் பயப்படுவது இரும்புத் துகளுக்கு. கண்ணுக்குத் தெரியாத துளி இருந்தாலும் சூளையில் வெந்த பிறகு வெள்ளைப் பீங்கானில் பழுப்புப் புள்ளி விழும். அதற்காகவே கூழைக் காந்தத்தின் மேல் ஓடவிடுவது உண்டு.

இணையம் ஓடும் சாலை கண்ணாடி இழை. அந்தக் கண்ணாடியும் சிலிக்காதான். நாம் களிமண்ணில் கலக்கும் குவார்ட்ஸும் அதே பொருள்தான். ஆரம்பத்தில் கண்ணாடி இழையில் ஒளியை விட்டால் சில மீட்டர்களுக்குள்ளேயே மங்கிப்போகும். கண்ணாடியின் இயல்பே அப்படித்தான் என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். 1966-இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளில்தான் இருக்கிறது, மாசை நீக்கினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும், அதுவே தொலைபேசிக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தொட்டது. இன்று நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகும் நூறில் 95 பங்கு ஒளி மிஞ்சுகிறது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்மூர்ப் பட்டறையில் பொம்மையின் முகத்தைக் கெடுக்கும் அதே இரும்புதான் கண்ணாடி இழைவழித் தொலைத்தொடர்பையும் தடுத்து நிறுத்தியிருந்தது.

இதைக் கேட்டு அவள் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். அவள் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. ஒரு விசை இல்லை, பேட்டரி நிற்காது, ஆனால் ஓடுகிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தளத்துக்கு ட்ரேஸ்ரூட் கட்டளையை அடிக்கச் சொன்னேன். பெட்டி எந்தெந்த இடம் வழியாகப் போகிறது, ஒவ்வொரு இடத்துக்கும் போய்வர எவ்வளவு நேரம் என்று அது வரிவரியாகக் காட்டும்.

முதல் வரி அவள் போன். பிறகு செல்போன் கம்பெனியின் உள் முகவரிகள். நடுவில் இரண்டு வரிகளில் நட்சத்திரக் குறி மட்டும் வந்தது, பதில் சொல்லாத ரூட்டர்கள். அடுத்த வரியில் நேரம் திடீரென்று 30 மில்லிசெகண்டுக்கு மேல் ஏறியது.

"ஏன் மாமா இங்க மட்டும் தாவுது?"

"கணக்குப் போடு" என்றேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-இல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போனின் கால்குலேட்டரில் தட்டினாள். போக 16 மில்லிசெகண்ட், வர 16. மொத்தம் 32.

"அது கடலா!" என்றாள்.

ஆமாம், அது வங்காள விரிகுடாதான். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் அதை அளந்துவிட்டாள். பெட்டிகள் எந்தக் கேபிளில் போயின என்று அந்தத் திரை சொல்லாது. ஆனால் எந்தக் கேபிளில் போனாலும் அந்தத் தூரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். இத்தனை வருடம் அவள் பார்த்த வீடியோக்கள் எதுவும் அவள் முகத்தில் அந்த வியப்பைக் கொண்டுவந்திருக்காது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். பெட்டிகள் வந்து சேர்ந்ததும் பிரவுசர் அவற்றை அடுக்கி, எழுத்து எங்கே, படம் எங்கே, நிறம் என்ன என்று வரைகிறது. பூட்டுக் குறி இருந்தால் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பெட்டிகள் பூட்டப்பட்டவை. இவ்வளவுதான் அந்தக் கேள்விக்கு விடை. கேட்டவர்கள் எல்லாவற்றையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எவ்வளவு ஆழம் வரை இறங்கிப் பார்த்திருக்கிறாய் என்று அறியத்தான் கேட்டிருப்பார்கள்.

பிறகு ஒரு விஷயத்தைக் கேட்டேன். கடைசி வருட ப்ராஜெக்ட் என்ன செய்தாய்? தலை குனிந்துகொண்டாள். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதாம். ஊர் ஊருக்கு இந்தக் கடைகள் இருக்கின்றன. நான் அவளைத் திட்டவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மூன்று வருடப் படிப்பில் சொந்தக் கையால் ஒன்றைக் கட்டி, அது ஓடாமல் போய், ஏன் ஓடவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடும் ஒரே வாய்ப்பு அது. அதை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பழக்கிவிட்டோம்.

எதிர்வீட்டுக்காரருக்குக் கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு ஆர்டர் போனிலேயே குவியும். எல்லாம் ஒரு நீள நோட்டில். யாருக்கு எத்தனை, எந்த அளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதி, சில நாள் எழுத மறந்து, வாய்ச்சண்டையில் முடியும். "இதுக்கு ஒரு பக்கம் செஞ்சு குடு. உன் ப்ராஜெக்ட் இதுதான்" என்றேன். பெயர், எண்ணிக்கை, தேதி, முன்பணம். நாலு பெட்டி, ஒரு பொத்தான். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவானால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன ஆகும், ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் பார்க்காமல் எப்படித் தடுப்பது என்று ஒவ்வொன்றாக அவளே முட்டிக்கொள்வாள். அடுத்த இன்டர்வியூவில் அதைப் பேசலாம்.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். கணியம் இணைய இதழ் 2012-இலிருந்து தமிழில் வருகிறது. து. நித்யா எழுதிய எளிய தமிழ்க் கணினி நூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறது. ரயில் ஏறினால் விழுப்புரம் தூரமில்லை. வேலைக்குச் சென்னைதான் ஒரே ஊர் என்ற நிலையும் மாறி வருகிறது. சோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துத் தானே பயிற்சி கொடுக்கும் பள்ளியை அது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. விழுப்புரத்தில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

டீ ஆறிப்போய் அக்கா மூன்றாவது முறை போட்டு வந்தாள். மகள் நோட்டை எடுத்து, என்டர் தட்டியதில் தொடங்கிப் பக்கம் வரைவது வரை தன் வார்த்தையில் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கம் வந்திருந்தது. ஓரத்தில் பத்து சின்னப் பெட்டிகள் வரைந்து, ஏழாவதை மட்டும் உடைத்திருந்தாள்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய லேப்டாப் மூலையில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். சரிசெய்து பிள்ளையின் கையில் கொடுங்கள். பிள்ளைகளே, இன்று ராத்திரி படுக்கும் முன் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, ட்ரேஸ்ரூட் கட்டளையை ஒருமுறை அடித்துப் பாருங்கள். கடல் எந்த வரியில் வருகிறது என்று தேடுங்கள்.