எல்லை தாண்டி அடிபட்டாலும் இங்கேயே வழக்கு போடலாம்!
திருத்தணி மோட்டார் சைக்கிள்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நஷ்டஈட்டு விவரம்

திருத்தணியில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால், சற்று நேரத்தில் பொன்பாடி. அதைத் தாண்டினால் ஆந்திரா. நகரிக்கு வியாபாரத்துக்குப் போகிறவர், புத்தூரில் பெண் கொடுத்தவர், திருப்பதிக்கு வேண்டுதல் செலுத்தப் போகிறவர், எல்லோருக்கும் இதே ரோடுதான்.

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அன்று போட்ட எல்லைக்கோடு, வண்டியில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் விபத்து நடந்துவிட்டால் அது மலை மாதிரி வந்து முன்னால் நிற்கிறது!

“ஆந்திராவுல அடிபட்டுது. அங்க போயி யாரு கோர்ட்டு ஏறி இறங்கறது?” என்று சொல்லி, கால் ஒடிந்தவரும் சும்மா இருந்துவிடுகிறார். கிடைக்க வேண்டிய பணம் கிடைக்காமல் போகிறது.

அப்படி விட வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது.

எந்த கோர்ட்டு?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விபத்து நடந்த ஊரில் வழக்கு போடலாம். அடிபட்டவர் குடியிருக்கும் ஊரில் போடலாம். அவர் தொழில் செய்யும் ஊரிலும் போடலாம். எதிரி எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கேயும் போடலாம்.

ஆகவே திருத்தணிக்காரர் நகரியில் அடிபட்டால், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். சித்தூருக்கு அலைய வேண்டாம். லாரி ஆந்திரா நம்பர், டிரைவர் ஆந்திராக்காரர் என்றாலும் இதே கதைதான்.

போலீஸ் புகாருக்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “எங்க லிமிட் இல்ல” என்று திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கிப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். தெலுங்கில் எழுதிய எப்.ஐ.ஆர். என்றால், தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆபத்து எங்கே?

சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில் பஸ், லாரி, யாத்திரை வேன் மூன்றும் போட்டி போட்டு ஓடுகின்றன. ஆடிக்கிருத்திகை வந்தால் காவடி தூக்கிய கூட்டம் ரோட்டின் ஓரத்திலேயே நடந்து வரும். டிசம்பர் 31-ந் தேதி இரவு படித் திருவிழா. ஊர் முழுக்க வெளியூர் வண்டிகள்.

கரும்பு வெட்டும் பருவத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் போகும். கரும்புச் சுமை பின்விளக்கை மறைத்துவிட்டால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு இருட்டில் அது பக்கத்தில் போன பிறகுதான் தெரியும்.

மலைப்பாதையில் வேறு ஒரு ஆபத்து. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் இறங்குகிறார்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாத வண்டியின் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைகிறது. வளைவில் எதிரே வேன் வந்தால் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் சரி.

2022-ம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்தில் பலியானவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் 74 ஆயிரத்து 897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17 ஆயிரத்து 884 உயிர்கள் சாலையில் போயின.

ஹெல்மெட் சாவை சுமார் 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் டாங்க் மேல் வைத்த ஹெல்மெட் இந்தக் கணக்கில் சேராது!

அடிபட்டவுடன்...

முதல் வேலை 108. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் அதே நம்பர்தான்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால், 2025 மே 5-ந் தேதி மத்திய அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாள் வரை, ரூ.1½ லட்சம் வரை கையில் காசு இல்லாமல் சிகிச்சை பெறலாம். இரண்டுமே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில்தான்.

மத்திய அரசு திட்டத்தின் பின்னால் ஒரு தமிழ்நாட்டு டாக்டர் இருக்கிறார். கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான், உயிர் காக்கும் முதல் ஒரு மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டம் போடும்படி 2025 ஜனவரி 8-ந் தேதி கோர்ட்டு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆஸ்பத்திரியில் மறக்கக் கூடாத ஒன்று: “எப்படி அடிபட்டது?” என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். போலீஸ், கேஸ் என்று பயந்து “வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால் போச்சு! பிறகு லாரி மோதியது என்று வழக்கு போட்டால், இன்சூரன்சு கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான்.

ரோட்டோர சமாதானம்

“அண்ணே, புள்ளகுட்டிக்காரன். இந்த அஞ்சாயிரத்த வெச்சுக்கங்க. கேஸ் வேணாம்ணே.”

இதைக் கேட்டு மனம் இளகி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்போது டிரைவரும் இல்லை, லாரி நம்பரும் இல்லை.

டிரைவர் பாவம் என்பது சரிதான். ஆனால் இன்சூரன்சு உள்ள வண்டி என்றால், நஷ்டஈட்டைக் கட்டப்போவது கம்பெனி. அதற்காகத்தான் பிரிமியம் கட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே பணம் கேட்க 164-வது பிரிவு வழி செய்கிறது. சாவுக்கு ரூ.5 லட்சம்; கொடுங்காயத்துக்கு ரூ.2½ லட்சம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை.

அதற்கு மேல் வேண்டும் என்றால் 166-வது பிரிவு. எதிரி மேல் தப்பு என்று காட்ட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

இதில் கணக்கு எப்படி? கணக்குக்காக, விசைத்தறி ஓட்டும் 32 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பாத்தியம் ரூ.15 ஆயிரம். வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். பின்னால் வருமானம் கூடும் என்பதற்காக 40 சதவீதம் சேர்த்தால் ரூ.2 லட்சத்து 52 ஆயிரம். கால் ஊனத்தால் வேலைத்திறன் 20 சதவீதம் போனது என்றால், வருட இழப்பு ரூ.50 ஆயிரத்து 400. 31 முதல் 35 வயது வரை இதை 16-ஆல் பெருக்க வேண்டும். ரூ.8 லட்சத்து 6 ஆயிரத்து 400 வருகிறது. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாள், பட்ட வேதனை எல்லாம் இதற்கு மேல் தனி.

ஒரே காயம் எல்லோருக்கும் ஒரே நஷ்டம் அல்ல. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை அழகாக விளக்கியது. இடது கை போன தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும். அதே கை போன அரசாங்க கிளார்க்கு வேலையில் நீடிக்கலாம். ஆகவே டாக்டர் எழுதும் ஊன சதவீதத்தோடு, செய்யும் தொழில் என்ன என்பதையும் கோர்ட்டில் சொல்ல வேண்டும். கூலி ரசீது, கடைக் கணக்கு, பாங்கி பாஸ்புக்கு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மோதிய வண்டி ஓடிவிட்டால்?

நம்பரே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. சாவுக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம். இதற்கு கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வருவாய் கோட்ட அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால், இந்த உதவி இருப்பதை போலீசாரே அடிபட்டவரிடம் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரி 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. டாக்டர் ராஜசேகரன் வழக்கில்தான் இதுவும்!

தன் தப்பு என்றால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தானே சறுக்கி விழுந்தால், ‘தேர்டு பார்ட்டி’ இன்சூரன்சு ஓட்டியவருக்கு உதவாது. அதற்குத் தனியாக ‘சொந்தக்காரர்-ஓட்டுநர்’ விபத்து காப்பு உண்டு. 2018-ல் அதன் தொகை ரூ.15 லட்சமாக உயர்ந்தது. சாவு, நிரந்தர ஊனம் இரண்டுக்கும் உண்டு. லைசென்சு இருக்க வேண்டும்; வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும்.

“மச்சான், வண்டிய குடுடா, தோ வந்துடறேன்” என்று இரவல் வாங்கிப் போய் விழுந்தவருக்கு இந்தக் காப்பு கிடையாது.

பின்சீட்டுக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை. தான் ஏறிய வண்டி ஓட்டியவர் மேல் தப்பு என்றால், வெறும் ‘ஆக்ட் பாலிசி’ பின்சீட்டைக் காக்காது என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முழு பாலிசி இருந்தால் கேட்கலாம். எதிர் வண்டி மேல் தப்பு என்றால் கவலை இல்லை. அந்த வண்டியின் கம்பெனி கட்டும்.

மூன்று பேர் போனால்? அது சட்டப்படி குற்றம். ஆனால் அந்தக் காரணத்துக்காக மட்டும் நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது. மூன்று பேர் போனதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடிபட்டால், தொகையைக் குறைக்கச் சொல்லி கம்பெனி வாதாடும்.

6 மாதக் கெடு

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அது முடியும் வரை காலதாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறந்தது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் கடத்துவது புத்திசாலித்தனம் அல்ல.

வக்கீல் வைக்கக் காசு இல்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும், குறைந்த வருமானக்காரர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. போன் நம்பர் 15100. ஆஸ்பத்திரி வாசலில் “நான் பாத்துக்கறேன் சார், கையெழுத்து மட்டும் போடுங்க” என்று வெற்றுத்தாளை நீட்டுகிறவரிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில், லைசென்சு, மோதிய வண்டியின் நம்பர். இந்த ஆறும் ஒரே பையில் இருக்கட்டும். கட்டு அவிழ்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அடிபட்டவர் படுக்கையில் இருக்கும்போதே, வீட்டில் உள்ள ஒருவர் இதைத் தொடங்கிவிடலாம்.