பந்தயத் தடமும் இடத்தெரிவும்: தம்புள்ளையை முன்வைத்து ஓர் ஆராய்வு

போட்டி என்றவுடன் நம் மனம் போட்டியாளரை நாடுமேயன்றி, அப்போட்டி நிகழும் நிலத்தை நாடுவதில்லை. வென்றவர் யாவர் என வினவுவோர் பலர். இவ்விடத்தை ஏன் தெரிந்தனர் என வினவுவோர் மிகச் சிலரே. ஆயின் மோட்டார்ப் பந்தயத்திலே நிலமே வெற்றியிற் பாதியைத் தீர்த்துவிடுகின்றது. சில வேளைகளில் உயிரையும் அதுவே தீர்க்கின்றது. 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள் தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் பந்தயத்தில், தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று பாய்ந்ததனால் எழுவர் மாண்டனர். அவருள் எட்டு வயதுச் சிறுமியும் பந்தயப் பணியாளரும் அடங்குவர். அன்றுதொட்டு இடத்தெரிவு என்பது விளையாட்டுச் சங்கங்களின் வீட்டு விவகாரமாக இருத்தல் இயலாது.

இலங்கையிற் பந்தயத்துக்கெனவே அமைந்த இடங்கள் மிக அரியன. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அது ஓடுவது தேயிலைச் சரிவினூடே செல்லும் வீதியில். களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தைத் தடமோ இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம். தியத்தலாவை இராணுவத்தினரின் நிலம். தமிழகத்திலும் இதுவே வரலாறு. 1953 இல் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையிலேயே பல்லாண்டுகள் பந்தயம் நடத்திற்று. இருங்காட்டுக்கோட்டையிற் சொந்தத் தடம் அமைத்து, 1990 இலேயே அங்கு ஓட்டம் தொடங்கியது. அத்தடத்தின் முழுச்சுற்று 3.7 கிலோமீற்றர் அளவினது.

விமானத்தளத்தை நாடுதற்குக் காரணம் வெளிப்படை. சமதரை, அகன்ற பாதை, மரமற்ற இருமருங்கு, வேலியும் வாயிலும் உடைய வளவு ஆகிய நான்கும் செலவின்றிக் கிடைக்கின்றன. குறையும் உண்டு. நேர்பாதை நீண்டு வளைவுகள் குறைந்தவிடத்து வலிய எஞ்சினே வெல்லும். வலிய எஞ்சினோ பணமுடையவனிடத்தது. ஓட்டுநனின் திறமை வெளிப்படுவது வளைவிலும் தடுப்பிடலிலுமே. ஆதலின் பீப்பாய்களையும் பழைய டயர்களையும் அடுக்கிச் செயற்கை வளைவுகளை ஆக்குதல் வழக்கம். அதனைச் செய்யாது விட்ட தடத்தில், என் கருத்துப்படி, சாம்பியன் பட்டம் வண்டிக்கு உரியதேயன்றி அதனை ஓட்டியவனுக்கு உரியதன்று.

தொழில்முறை ஓட்டுநரின் பயணச்செலவை நிறுவனங்கள் ஏற்கும். விருப்புக்காக ஓடுவோனோ தன் சம்பளத்திலிருந்தே வண்டியையும், லொறியையும், இரு நாள் விடுமுறையையும் தேடிக்கொள்ள வேண்டியவன். தேசியப் போட்டி எங்கே நிகழ்கின்றது என்பது அவனுக்கு முதற் கேள்வி. அமெரிக்காவின் விருப்புமுறை ஓட்டுநருக்கான தேசிய வீதிப் பந்தயமாகிய ரன்ஓவ்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1964 இல் ரிவர்சைடில் தொடங்கிய அது, 1970 முதல் 1993 வரை றோட் அட்லாண்டாவிலும், 1994 முதல் 2005 வரை மிட் ஒகையோவிலும் நிலைபெற்றிருந்தது. 2014 முதல் லகுனா செக்கா, டேற்றோனா, மிட் ஒகையோ, இண்டியானாபொலிஸ் என ஆண்டுதோறும் இடம் மாறிற்று. ஓரிடத்தில் நிலைத்தாற் பணியாளர் தேர்ச்சி பெறுவர். ஆனால் அயலூரார் அத்தடத்தைத் தம் முற்றம்போல் அறிந்து முன்னிற்பர். இடம் மாறினால் நியாயம் பரவும். செலவும் உடன் பரவும். இரண்டையும் முற்றாகப் பெறும் வழி எவரும் கண்டிலர்.

இனித் தம்புள்ளைக்கு வருவோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், அம்பேபுசையிலிருந்து குருநாகல் வழியே திருகோணமலை செல்லும் வீதியும் இங்கே சந்திக்கின்றன. கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர், கண்டி 72, திருகோணமலை 110, யாழ்ப்பாணம் 250. வடக்கு, கிழக்கு, மலையகம், மேற்கு ஆகிய நாற்றிசை ஓட்டுநரும் ஒரு பகற்பொழுதில் வந்தடையத்தக்க இடம் இதுபோல் வேறில்லை. வானிலையும் துணைசெய்யும். தென்மேற்குப் பருவக்காற்று களுத்துறையை நனைக்கும் காலத்தில் இவ்வுலர்வலயம் காய்ந்து கிடக்கும். கிரிக்கெற் விளையாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 167 நாட்களில் எழுப்பப்பெற்ற ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில் 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி ஆடியது. 2010 ஆசியக் கிண்ணப் போட்டிகள் யாவும் இங்கேயே நிகழ்ந்தன.

ஆயின் பந்தயத்துக்கு ஏற்ற நிலம் யாது? பெருவீதிகளை மூடுதல் ஆகாத காரியம். பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிகள் இரவும் பகலும் அவ்வீதிகளையே நம்பியுள்ளன. எஞ்சுவது அண்மையிலுள்ள சீகிரியா விமானத்தளம். போர்க்காலத்தில் அமைந்து, இந்நாளில் விமானப்படையினரின் பொறுப்பிலுள்ள அதனை, அவர் இசைவின்றி எவரும் தொட முடியாது.

இசைவு கிட்டினும் ஒரு கணக்கு எஞ்சும். தடுப்பிட்டு நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. உலர்ந்த தாரில் உராய்வுக்குணகம் 0.8 எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 49 மீற்றர் வேண்டும். 160 கிலோமீற்றர் வேகத்தில் 126 மீற்றர். தளர்ந்த மண்ணிற் குணகம் 0.4 ஆயின் இவ்விரண்டும் இரட்டிக்கும். எனவே தாரை விட்டு மண்ணுக்கு வழுவிய வண்டி, நாம் எதிர்பார்ப்பதிலும் மிகத் தொலைவு செல்லும். கயிறு கட்டிச் சனங்களைப் பத்தடி அப்பால் நிறுத்துவது பாதுகாப்பன்று. 1955 ஜூன் 11 இல் லெ மான் நகரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், சுவிற்சர்லாந்து வட்டத்தடப் பந்தயத்தையே தடைசெய்தது. எஞ்சிய நாடுகள் பார்வையாளரைப் பின்னுக்கு நகர்த்தக் கற்றன.

ஆகவே சீகிரியாவை ஆராயச் செல்வோர் ஓடுபாதையின் நீளத்தை அளந்து மகிழ்ந்து திரும்புதல் போதாது. ஒவ்வொரு வளைவின் வெளிப்புறத்திலும் எத்தனை மீற்றர் வெறுநிலம் உண்டு, காட்டு யானை வேலியை எவ்விடத்தில் முறித்துள்ளது, காயமுற்றவன் தம்புள்ளை ஆதார வைத்தியசாலையை எத்தனை நிமிடத்தில் அடைவான், அங்கிருந்து கண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் மாத்தளை வழியே அம்புலன்ஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பனவற்றை, பந்தய நாளுக்குரிய அதே கிழமையில், அதே வேளையில் ஓடிப்பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.