சந்திரன் வீழாதிருப்பது ஏன்?

கிளையினின்றும் அற்ற கனி நிலத்தில் வீழ்கின்றது. வானிற் பற்றுக்கோடின்றி உலவும் சந்திரன் ஏன் வீழ்வதில்லை? மண்ணுலகப் பொருள்கள் நேரே கீழ்நோக்கி வீழ்தலும், வானுலகப் பொருள்கள் வட்டத்திற் சுழலுதலும் அவ்வவற்றின் இயல்பு என்பது அரிஸ்டோட்டில் வழிவந்தோர் கூறிய விடை. இவ்விரு உலகங்களுக்கும் விதி ஒன்றே என்பதை, 1687ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் ஐசாக் நியூற்றன் நிறுவினார்.

கயிற்றிற் கட்டிய கல்லொன்றைச் சுழற்றும்போது கயிறு அறுமாயின், கல் ஆரை வழியே வெளிநோக்கிப் பாயும் எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. அறுந்த கணத்தில் எத்திசையிற் சென்றதோ அத்திசையிலேயே, அதாவது வட்டத்தின் தொடலி வழியே, அது செல்லும். ஆகவே கல்லை வட்டத்தில் நிறுத்துவது மையத்தை நோக்கிய இழுப்பே. அதுவே மையநாட்ட விசை எனப்படும். கதி மாறாவிடினும் திசை கணந்தோறும் மாறுதலின், ஆங்கு ஆர்முடுகல் உண்டு. கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுக்க அதன் அளவு பெறப்படும்.

சந்திரனுக்குக் கயிறாய் அமைவது புவியீர்ப்பே என்றார் நியூற்றன். இது வெறும் உவமையோ உண்மையோ என்பதைக் கணக்கே தீர்த்தல் வேண்டும். புவியின் மையத்திலிருந்து சந்திரனின் சராசரித் தூரம் ஏறத்தாழ 384,400 கிலோமீற்றர். விண்மீன்களைச் சார்ந்து அது ஒருமுறை சுற்ற 27.3 நாட்கள் செல்லும். எனவே அதன் கதி செக்கனுக்கு 1.02 கிலோமீற்றர், மையம் நோக்கிய ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 0.0027 மீற்றர்.

இனி, மற்றொரு வழியால் நோக்குவோம். புவியின் மேற்பரப்பில் ஈர்ப்பாலாகும் ஆர்முடுகல் 9.8 ஆகும். சந்திரனின் தூரம் புவியின் ஆரையைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையுமாயின், 9.8ஐ 60இன் வர்க்கமாகிய 3600ஆல் வகுத்தல் வேண்டும். வருவது அதே 0.0027! கல் ஒரு செக்கனில் வீழும் 4.9 மீற்றரையே, சந்திரன் தன் தொடலியினின்றும் ஒரு நிமிடத்தில் வீழ்கின்றது.

ஆகவே சந்திரன் வீழாதிருக்கவில்லை. இடையறாது வீழ்ந்துகொண்டே இருக்கின்றது. பக்கவாட்டில் விரைந்து செல்லுதலால் நிலத்தை அடையாது புவியைச் சுற்றி வருகின்றது.

செய்மதிகளின் நிலையும் இதுவே. விண்கலத்தில் உள்ளோர் மிதத்தலைக் கண்டு, ஆங்கு ஈர்ப்பு இல்லையென மாணவர் சிலர் விடை எழுதுவர். இது பெரும் பிழை. 400 கிலோமீற்றர் உயரத்திலும் மேற்பரப்பிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. கலமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே வீழ்தலால், தளம் அவர்களைத் தாங்குவதில்லை. அதனாலேயே நிறையற்றோர்போல் மிதக்கின்றனர். ஆங்கு ஈர்ப்பு இல்லையாயின், அக்கலம் புவியைச் சுற்றாது நேர்கோட்டில் அகன்றே போயிருக்கும்.