புகைபோக்கியை வெட்டிவிடாதீர்கள்

மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் கற்பிட்டித் தீபகற்பத்தை நாடிக் கமராவுடன் வருபவர்கள் ஏராளம். கடலில் இறங்கும் சூரியன், துள்ளிச் சுழலும் டொல்பின்கள், களப்பின் மேல் பறக்கும் கைட் பட்டங்கள், தென்னை நிழல், ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை என்று அவர்கள் எடுக்கும் படங்களை அடுக்கிப் பார்த்தால், அந்தக் கரையின் மிக உயர்ந்த அடையாளமான நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை அவற்றில் காண்பது அரிது. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. கடற்கரையில் நின்று மேற்கு நோக்கிக் கமராவைத் திருப்பினாலே, கரையோரமாக நிற்கும் மின் நிலையம் தோள் பக்கம் ஒதுங்கிவிடும். தப்பித் தவறி ஓரத்தில் விழுந்தாலும் பிறகு வெட்டிவிடலாம். அப்படி வெட்டக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். செய்தியாளரின் கடமையைக் காட்சிக் கலைஞரின் தலையில் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நுரைச்சோலையில் அந்தப் புகைபோக்கியை விட்டுவிட்டால் இயற்கையே பாதிதான் படத்தில் விழுகிறது.

இந்த இடத்தின் காற்றையும் கடலையும் கவனித்தால் இது விளங்கும். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் வீசுகிறது, கடல் கொந்தளிக்கிறது. மின் நிலையத்துக்கு வரும் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு, நிலக்கரியைத் தட்டைப் படகுகளில் இறக்கி இறங்குதுறைக்கு அனுப்புகின்றன. சோளகத்தில் அது நடவாது. எனவே ஓராண்டுக்கான நிலக்கரியைக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் கொண்டுவந்து குவிக்க வேண்டும். டொல்பின்களையும் திமிங்கிலங்களையும் படம் பிடிக்கப் படகுகள் புறப்படும் பருவமும் அதுவே. கண்ணாடி போன்ற கடல் என்று நாம் வியந்து பார்க்கும் அதே அமைதியில்தான் நிலக்கரி வந்து இறங்குகிறது. சோளகம் தொடங்கியதும் கைட் விளையாட்டுக்காரர்கள் வருகிறார்கள். மாம்புரி முதலிய இடங்களில் காற்றாலைகள் வேகமெடுக்கின்றன. அதே காற்று நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் உள்நோக்கி, ஊர்கள் மேலும் தோட்டங்கள் மேலும் கொண்டுவந்து கொட்டுகிறது என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் முறைப்பாடு. கொதிகலனில் எழுந்த ஆவியைக் குளிர்விக்கும் நீரையும் நிலையம் கடலிலிருந்தே எடுக்கிறது. ஆக, இயற்கை ஒரு பக்கம், தொழிற்சாலை மறுபக்கம் என்று இங்கே கோடு கிழிக்க முடியாது. ஒரே காற்றும் ஒரே கடலும்தான் இரண்டையும் நடத்துகின்றன.

மனிதத் தடம் இல்லாததே தூய இயற்கை என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1861இல் கார்லட்டன் வாட்கின்ஸ் என்ற அமெரிக்கர் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளில் யொசெமிட்டி பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார். 1864இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்குத் துணைநின்ற காரணங்களுள் அந்தப் படங்களையும் சொல்வதுண்டு. ஆனால் படங்களில் அருவியும் பாறையும் ஆளற்ற அமைதியில் நின்ற அந்த நிலம், 1851இல் ஆயுதப் படை புகுந்து பூர்வகுடிகளை விரட்டிய நிலம். படம் பொய் சொல்லவில்லை. அது காட்டிய வெறுமைதான் உண்மையை மறைத்தது. கற்பிட்டியும் இதற்கு விலக்கல்ல. இங்குள்ள 14 தீவுகளைச் சுற்றுலா விடுதிகளுக்கு ஒதுக்கும் அரசுத் திட்டம் முன்வந்தபோது, கரையும் மீன்வாடியும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். வெறும் மணல் என்று படத்தில் தெரிவது, கரைவலை இழுப்பவருக்குத் தொழில் செய்யும் இடம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சம் அடைந்த மாவட்டமும் புத்தளமே. இப்படிப்பட்ட மண்ணை ஆளற்ற சொர்க்கமாகவே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தால், அதைக் கேட்பாரற்ற நிலம் என்று கருதுவது மற்றவர்களுக்கு எளிதாகிவிடும்.

படம் என்றாலே தேர்வுதான், சட்டகம் எதையாவது விலக்கியே தீரும், புகைபோக்கியை மட்டும் சேர்க்கச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. சேர்ப்பதாலேயே உண்மை வந்துவிடாது என்பதையும் அதனோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மீனவருக்குப் பின்னால் 4 கிலோமீற்றரில் புகைபோக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 20 மீற்றரில் நின்று எடுத்தால் அது அவருக்குப் பின்னே ஒரு மெல்லிய கோடு. அவரிடமிருந்து 400 மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கி, தொலைநோக்கு லென்ஸால் அவரை அதே அளவுக்கு இழுத்து எடுத்தால், அவரை அமுக்குவது போல அது ஏறக்குறைய 18 மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். இரண்டு படங்களிலும் கலப்படம் இல்லை. ஆனால் இரண்டும் சொல்வது வேறு வேறு. ஆகையால் ஒவ்வொரு படத்திலும் புகைபோக்கி இருக்க வேண்டும் என்பதல்ல கோரிக்கை. டொல்பினை எடுப்பவர் டொல்பினை மட்டும் எடுக்கட்டும். ஓர் ஊரின் முழுத் தோற்றம் என்று முன்வைக்கும் தொகுப்பில், அந்த ஊரின் வாழ்க்கையை மாற்றிய ஒன்று அடியோடு இல்லாமல் போவதே குறை.

அழகைத் தேடி வருபவரிடம் அழுக்கைக் காட்டலாமா என்பது அடுத்த தடை. அழகும் அந்தப் புகைபோக்கியும் ஒரே சட்டகத்தில் நிற்க முடியாது என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. 1975இல் அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் நடந்த ‘நியூ டோப்போகிராஃபிக்ஸ்’ கண்காட்சி, புறநகர் வீடுகளையும் தொழிற்கூடங்களையும் நிலக்காட்சியாகவே நிறுத்தி அந்த நம்பிக்கையை அசைத்தது. தமிழுக்குள்ளேயே உதாரணம் உண்டு. 2017இல் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ காணொளியில் எண்ணூரின் சாம்பலுக்கும் ஆலைகளுக்கும் நடுவே நின்று டி. எம். கிருஷ்ணா பாடினார். காட்சியின் அழகு அதனால் குறையவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தை அதுவரை அறியாத பலர் அறிந்தார்கள். புகைபோக்கியைக் காட்டினால் சுற்றுலா கெடும், படகோட்டிகளின் பிழைப்புப் போகும் என்ற கவலையையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இங்கே வருகிற பயணி அதை எப்படியும் நேரில் காணப்போகிறார். முன்பே அறிந்து வருபவருக்கு ஏமாற்றமில்லை. சலித்துத் திரும்பும் பயணியைவிடத் தெரிந்து வரும் பயணியே அந்தப் படகோட்டிக்கு நல்லது.

புகைபோக்கியைக் காட்டுவது மின் நிலையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகாதா என்ற கேள்வியும் எழும். ஆகாது. 2011இல் முதல் அலகும் 2014க்குள் மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாவாட் திறன் பெற்ற இந்த நிலையம்தான் இலங்கையின் மிகப் பெரிய மின் நிலையம். கொழும்பிலும் கண்டியிலும் எரியும் விளக்குகளில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. தலவில் புனித அன்னாள் ஆலயத்துக்கு அருகே இது வரக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையும் ஊர் மக்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்ததும் வரலாறுதான். பயனையும் பாதிப்பையும் எடைபோட, முதலில் அது கண்ணில் பட வேண்டும். மறைந்திருக்கும் ஒன்றைக் குறித்து எந்தப் பக்கத்திலும் நியாயம் பேச முடியாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. படத்தின் கீழே நாளும் இடமும் நோக்கிய திசையும் எழுதலாம். சோளகத்தில் ஒரு முறை, வாடைக்காற்றில் ஒரு முறை என அதே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுக்கலாம். போட்டி நடத்துபவர்கள் சூரிய அஸ்தமனத்துக்கு மட்டும் பரிசு தராமல், மரக்கறித் தோட்டத்தின் தூவல் நீரையும் அதன் பின்னே எழும் புகைபோக்கியையும் ஒன்றாகக் கண்ட படத்தையும் மேடையேற்றலாம். கரை எவ்வளவு கடலுக்குப் போனது, இலைகளின் மேல் என்ன படிந்தது, வாடிகள் எங்கே நகர்ந்தன என்று நாளை ஒரு விவசாயியோ மீனவரோ நிரூபிக்க வேண்டி வந்தால், இன்று நாம் வெட்டாமல் விட்ட ஓரங்களே அவருக்குச் சாட்சி சொல்லும்.